ஹீரோ வராத படங்கள்

எங்கள் அறையின் மேசை விசிறி செத்துப்போன அன்று அவள் அதற்கு இரங்கல் கூட்டம் நடத்தினாள்.

கோலாலம்பூரை ஒட்டிய காஜாங்கில் ஒரு சீன ஆன்டியின் வீட்டு மாடியில் இருந்தது அந்த அறை. கல்லூரியில் சேர்ந்த புதிது. அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடியபோது கிடைத்தவள் அவள். அதற்கு மேல் அவளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நல்ல வெயில் நேரத்தில் விசிறி ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. நான் ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவள் எழுந்து போய், காலையில் கோயிலுக்குத் தலையில் வைத்துக்கொண்டு போன மல்லிகைச் சரத்தை எடுத்து வந்து விசிறிக்கு மாலையாகப் போட்டாள். ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றாள்.

எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். எழுந்து நின்றேன்.

"பொறந்தது சீனாவுல. வளர்ந்தது காஜாங்ல. யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்ல. ஒரே ஒரு தடவ என் துப்பட்டாவப் புடிச்சு இழுத்துச்சு. அதையும் நான் இன்னிக்கு மன்னிச்சிட்டேன்" என்று குரல் தழுதழுக்கப் பேசினாள்.

ஊதுபத்தி வாசம் கீழே போயிருக்க வேண்டும். வீட்டுக்கார ஆன்டி மூச்சு வாங்க மாடியேறி வந்து, மாலையையும் புகையையும் பார்த்து முகம் வெளுத்து, யார் செத்தது என்று மலாய் மொழியில் கேட்டார். இவள் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாக, விசிறியைக் காட்டினாள். அன்று சாயங்காலமே அறை வாசலில் ஒரு புது விசிறி இருந்தது. அதற்குப் பிறகு அந்த ஆன்டி எங்களிடம் சத்தமாகப் பேசியதே இல்லை.

"உன்ன மாதிரி பொண்ணுங்கள நான் படத்துல பார்த்திருக்கேன்" என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

"அழகா இருப்பாங்களா?"

"இல்ல லா. லூசா இருப்பாங்க."

"அப்ப போடு, பார்ப்போம்."

எங்கள் சிநேகிதம் அப்படித்தான் தொடங்கியது.

அந்தப் படங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கல்லூரிப் பெண்கள் இருப்பார்கள், கோணலாக ஏதாவது செய்வார்கள். மலையாளம், கொரியன், ஆங்கிலம் என்று எங்கெங்கோ தேடிச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு படத்தில் நான்கு பெண்கள் ஹாஸ்டல் குளியலறையில் ஒரு வாத்தை வளர்ப்பார்கள். வார்டன் வரும்போதெல்லாம் வாத்தின் சத்தத்தை மறைக்க நால்வரும் சேர்ந்து இருமுவார்கள். கடைசியில் ஹாஸ்டல் முழுக்கக் காசநோய் என்று சுகாதாரத் துறை வேன் வந்து நிற்கும். இன்னொன்றில், பேச்சுப் போட்டி மேடையில் தலைப்பு மறந்துபோன ஒருத்தி பஜ்ஜியைப் பற்றியே பேசி முதல் பரிசு வாங்கிவிடுவாள்.

இவற்றில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. நான் பார்த்து வளர்ந்த படங்களில் கல்லூரிப் பெண் பேருந்து நிறுத்தத்தில் நிற்பாள். ஒருவன் பின்னால் வருவான். சிரிக்க வைக்கிற வேலை முழுக்க ஆண்களுடையது. தப்பித் தவறி ஒரு பெண் சிரிக்க வைத்தால் அவள் குண்டாக இருப்பாள், அல்லது கறுப்பாக இருப்பாள், அவளைப் பார்த்துத்தான் எல்லாரும் சிரிப்பார்கள். நான் இரண்டுமாக இருந்தேன். அந்தக் காட்சிகளில் தியேட்டர் சிரிக்கும்போது அப்பாவும் அம்மாவும் சிரிப்பார்கள். நான் மடியில் இருக்கும் கச்சான் கடலையை உரித்துக்கொண்டிருப்பேன்.

இந்தப் படங்களில் பெண்கள் தாங்களாகவே வேடிக்கையாக இருந்தார்கள். யாருக்காகவும் இல்லை. அசடு வழிந்தார்கள், பரீட்சையில் கோட்டை விட்டார்கள், தலை வாராமல் வகுப்புக்குப் போனார்கள், அதற்காக யாரும் அவர்களைத் திருத்த வரவில்லை. முடிவில் கல்யாணம் கிடையாது. இரண்டு பெண்கள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து எதையாவது தின்றுகொண்டிருக்கும்போது படம் முடிந்துவிடும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டதும் அவள் கட்டிலில் இருவரும் ஏறிக்கொள்வோம். கீல் உடைந்த என் லேப்டாப்பைத் தலையணையில் சாய்த்து வைப்போம். நான் சிரித்தால் சத்தம் வராது. மூச்சு முட்டும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கடைசியில் பன்றி மாதிரி ஓர் உறுமல் வரும். "பொம்பளப் புள்ள மாதிரி சிரி" என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். அவளோ அந்த உறுமலுக்காகக் காத்திருப்பாள். வந்ததும் கை தட்டுவாள். "வந்துருச்சு! வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு!" என்பாள்.

என் வீடு ஜெஞ்சாரோமில். அவள் வீடு தெலுக் பங்லிமா காராங்கில், அவள் அப்பா வேலை செய்த தொழிற்சாலைக்குப் பக்கத்தில். லீவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பஸ் நிறுத்தத்துக்கு அவள் அப்பா பழைய வேனில் வந்து காத்திருப்பார். அவர்கள் வீட்டில் சாப்பிட வைத்து, பொழுது சாய்வதற்குள் என்னை ஜெஞ்சாரோமில் கொண்டுபோய் விடுவார். அவள் அம்மா இவள் சின்னவளாக இருக்கும்போதே தவறிவிட்டார். சமையல் அப்பாதான். மீன் சம்பாலில் அவர் கொஞ்சம் சர்க்கரை அதிகம் போடுவார். நாங்கள் இருவரும் சொல்ல மாட்டோம்.

ஒரு தடவை அங்கே ஹாலில் உட்கார்ந்து வாத்துப் படம் பார்த்தோம். அவர் தேத்தண்ணி கிளாஸோடு வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுல ஹீரோ எப்பமா வருவான்?" என்று கேட்டார்.

"ஹீரோ இல்லப்பா" என்றாள் அவள்.

"வில்லன்?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ நேரம் எடுத்து வச்சிருக்கான்?"

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சுகாதாரத் துறை வேன் வரும் இடத்தில் நான் உறுமினேன். வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்க, கிளாஸில் இருந்த தேத்தண்ணி சட்டையில் சிந்துகிற அளவுக்கு. அதற்குப் பிறகு அவருக்கு நான் 'சிரிக்கிற பொண்ணு'. ஃபோனில் மகளிடம் பேசும்போதெல்லாம், சிரிக்கிற பொண்ணு சாப்பிட்டுச்சா என்று கேட்பார்.

படிப்பு முடிந்ததும் இருவருக்கும் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய ஃபிளாட்டில் அறை எடுத்தோம். படம் பார்க்கும் நாள் ஞாயிறு போய் வெள்ளிக்கிழமையானது. வேலை முடிந்து வருகிற வழியில் வாழையிலைக் கடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன். அவள் அதற்குள் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, என்ன படம் என்றுகூடக் கேட்காமல் கட்டிலில் இடம் போட்டு வைத்திருப்பாள். என் வாழ்க்கையில் நான் எதையும் தள்ளிப்போடாமல், எதற்கும் காத்திருக்காமல் வாழ்ந்த காலம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது சும்மா ஒரு வெள்ளிக்கிழமை.

அவளுக்கு வரன் சொந்தத்திலேயே வந்தது. மாப்பிள்ளைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. நல்லவர், அதிகம் பேசாதவர். அவளுக்குப் பிடித்திருந்தது. "சிரிப்பு காட்டினா சிரிக்கிறாருடி, லேட்டா, ஆனா சிரிக்கிறாரு" என்று என்னிடம் சொன்னபோது அவள் முகம் சிவந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது.

கல்யாணம் கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில். அலங்கார அறையில் அவள் நகையெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத ஒரு நிமிஷத்தில் என் பக்கம் சாய்ந்து, "இதெல்லாம் போட்டுக்கிட்டு ஓடினா எது வரைக்கும் ஓட முடியும்?" என்றாள்.

"கார் பார்க் வரைக்கும்" என்றேன்.

"அவ்ளோதானா? சரி விடு, கல்யாணமே பண்ணிக்கறேன்."

இருவரும் சிரித்தோம். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எங்கள் படங்களில் என்றால் அந்த இடத்தில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றிருக்கும். நான் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஜன்னல் பக்கம் பார்த்தேன். வெளியே சாப்பாட்டு லோரியிலிருந்து சோற்றுப் பானைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கிள்ளானுக்குப் போனாள். நான் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இருந்தேன். வெள்ளிக்கிழமையை விடக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டோம். அவள் வீட்டில் ஒரு திரை, என் அறையில் ஒரு திரை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துவோம். ஆரம்பத்தில் அது நன்றாகவே நடந்தது. அவள் பக்கத்தில் குக்கர் விசில் கேட்கும், மாமியார் ஏதோ கேட்பது கேட்கும், அவள் நிறுத்துவாள், நானும் நிறுத்துவேன்.

பிறகு பாதிப் படத்தில் அவளிடமிருந்து பதில் வராது. மெல்லிய குறட்டை வரும். நான் ஃபோனை வைக்காமல் படம் முடிகிறவரை அதைக் கேட்டுக்கொண்டே பார்ப்பேன். பிறகு, "இந்த வாரம் முடியலடி, நீ பார்த்துட்டுக் கதை சொல்லு" என்றாள். கதை சொன்னேன். அந்தப் படங்களைக் கதையாகச் சொன்னால் ஒன்றுமே இருக்காது. ஒரு பொண்ணு, ஒரு வாத்து, அவ்வளவுதான். பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். பிறகு பிள்ளை. பிள்ளையைப் பார்க்கப் போனேன், தூக்கி வைத்திருந்தேன், ஃபோட்டோ எடுத்தோம். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளில் நான் அனுப்பிய செய்திகளுக்கு ஒரு சிரிக்கும் முகம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் தாமதமானது.

எங்களுக்குள் சண்டை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகலாம். இங்கே சமாதானம் பேச ஒன்றுமே இல்லை.

என் அலுவலகத்தில் ஒரு பெண்ணை அவள் காதலன் விட்டுப் போனான். எல்லாரும் அவளைச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள், மேனேஜரே இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நானும் போய் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டே நினைத்தேன்: எனக்கு நடந்ததை நான் யாரிடம், என்ன வார்த்தையில் சொல்வது? 'என் சிநேகிதி கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறாள்' என்று சொல்லியா அழ முடியும்?

போன வருஷம், பழைய கல்லூரி குரூப்பில் யாரோ போட்டிருந்த செய்தியில்தான் அவள் அப்பா இறந்தது எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். நான் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் போனதைவிட, அது எனக்கு இப்படி வந்து சேர்ந்ததுதான் முதலில் வலித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுநாள், கருமக்கிரியை எப்போது, எங்கே என்று ஒரு செய்தி வந்தது. எல்லாருக்கும் அனுப்பிய செய்தி.

போனேன். தெலுக் பங்லிமா காராங் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஓரத்தில் அந்த வேன் டயர் இறங்கிப் போய் நின்றது. அவள் வெள்ளைச் சேலையில், இடுப்பில் பிள்ளையோடு, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் மாமியார் பக்கத்தில் வந்து, "யாரும்மா?" என்று கேட்டார்.

"காலேஜ்ல என்கூடப் படிச்சவங்கம்மா" என்றாள்.

படிச்சவங்க.

மாமியார் முன்னால் மரியாதைக்குச் சொன்னது, எனக்குத் தெரியும். எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் என்னிடம் 'டி' போடாமல் ஒரு வார்த்தை பேசாத வாய் அது. அந்த ஒரு 'ங்க'வில் நான் கூடாரத்துக்கு வெளியே போய் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மாமியார் நல்ல மனுஷி. "சாப்பிட்டுத்தான் போகணும், வெறும் வயித்தோட போகக் கூடாது" என்று அவரே என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்து இலை போட்டார். குறை சொல்ல அங்கே ஒருவருமே இல்லை.

கூட்டம் குறைந்ததும் பின்பக்கம், பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைத் தனியாகப் பார்த்தேன். பிள்ளையை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

"அப்பா உன்ன கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். "ஆஸ்பத்திரியிலகூட. எங்கமா அந்தச் சிரிக்கிற பொண்ணு, வரவே இல்லையேன்னு."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"ஆமா" என்றாள். "சொல்லல. என்னான்னே தெரியலடி. எல்லாம் ஓடிப்போச்சு."

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த மாதிரிப் படம் ஒண்ணு புதுசா வந்திருக்கு. காலேஜ் பொண்ணுங்கதான். எல்லாம் ஆறினப்புறம் ஒரு நாள் வா, போய்ப் பார்ப்போம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். களைத்த சிரிப்பு ஒன்று வந்தது.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"எனக்கு அந்தப் படமெல்லாம் அவ்வளவாப் புடிக்காதுடி. பாதி நேரம் என்னா நடக்குதுன்னே புரியாது. வாத்து ஏன் கத்துது, இவளுங்க ஏன் இருமுறாளுங்க, ஒண்ணும் புரியாது. நீ சிரிப்ப பாரு, மூச்சு முட்டி, கண்ணுல தண்ணி வந்து... அதப் பார்க்கத்தான் உக்காருவேன்."

"அப்ப ஃபோன்ல பார்த்தோமே?" என்று கேட்டேன், என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே.

"ஃபோன்ல உன் மூஞ்சி தெரியலயே" என்றாள்.

உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. எழுந்தாள். போகும்போது என் தலையில் கை வைத்து லேசாக ஆட்டிவிட்டுப் போனாள், முன்பெல்லாம் செய்வதுபோல. பிறகு கிளம்பும் நேரத்தில் வாசலில், கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்க, "பார்த்துப் போங்க. அடிக்கடி வாங்க" என்றாள்.

அங்கிருந்து ஜெஞ்சாரோம் பக்கம்தான். அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். அவள் என்னைச் சுமையாக நினைத்துப் பிடிக்காத படங்களை உட்கார்ந்து பார்த்தாளா, இல்லை அத்தனை வருஷமும் நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? இரண்டாவதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் அழுகை நிற்கவில்லை. அப்படி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்ததைத் தெரிந்துகொள்ளும்போது, அவள் பார்ப்பது முடிந்துபோயிருந்தது.

அந்தப் புதுப் படத்தை நான் தனியாகவே தியேட்டரில் போய்ப் பார்த்தேன். நல்ல படம். ஒரு பெண் கல்லூரித் தேர்தலில் தனக்கு எதிராகத் தானே பிரச்சாரம் செய்கிறாள். என் முன் வரிசையில் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சிரிக்கும் இடங்கள் தெரிந்தன. இந்த இடம், இதோ இந்த இடம் என்று மனசு சொன்னது. முகம் மட்டும் அசையவில்லை. இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. வீட்டில் ஒன்றிரண்டு பார்க்கிறேன். புன்னகை வருகிறது.

புத்தாண்டு அன்று காலையில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் கையைத் துடைத்துவிட்டுத் திறந்தேன். ரோஜாப் பூக்களுக்கு நடுவே தங்க எழுத்தில் வாழ்த்து. அதே படத்தை அதற்கு முன்பே என் சித்தியும், வங்கியில் வேலை செய்யும் ஒருவரும் எனக்கு அனுப்பியிருந்தார்கள்.

'உனக்கும் பிள்ளைக்கும் வாழ்த்து' என்று எழுதினேன். 'உனக்கும்' என்பதை அழித்து 'உங்களுக்கும்' என்று போட்டுப் பார்த்தேன். மனசு வரவில்லை. மறுபடி 'உனக்கும்' என்றே மாற்றி அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டியது. அம்மா சமையலறையிலிருந்து, தேங்காய் துருவ வா என்று கூப்பிட்டார். போனேன்.